ஒரு தொழிலும் பல சங்கங்களும்



நமது நாட்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. ஏழு பேர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. இதன் பயனைப் பாடசாலை அதிபராகிய நான் ஆசிரியர் அறையில் நாள்தோறும் காண்கின்றேன். ஒரே பாடத்திட்டம், ஒரே சம்பளத் திட்டம், ஒரே நேரசூசி. ஆயினும், அடுத்தடுத்த கதிரைகளில் அமர்ந்திருப்போர் வெவ்வேறு சங்கங்களுக்குச் சந்தா செலுத்துகின்றனர். ஆசிரியர் சார்பில் யார் பேசுவது என்ற வினா எழும்போது அறையின் இரு மூலைகளிலும் குரல் உயர்வதுண்டு. வகுப்பறையில் காத்திருக்கும் மாணவனோ, தன் ஆசிரியர் எந்தச் சங்கத்தவர் என்பதை அறியான். அறிய வேண்டிய தேவையும் அவனுக்கில்லை. அவனுக்கு வேண்டியது அன்றைய பாடம்.

பழந்தொழிலாகிய ஆசிரியத்துக்கே இந்நிலை என்றால், நேற்றுத் தோன்றிய தொழில் ஒன்றின் நிலை எவ்வாறிருக்கும்? தொழிலும் புதிது, அதை ஒழுங்குபடுத்தும் சட்டமும் புதிது. சட்டம் வந்த ஈரம் காயுமுன், "இத்தொழிலின் குரல் எங்கள் சங்கமே" என்று ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் எழுந்து நிற்கின்றன. இவற்றுள் எதனை அரசு கேட்பது? எதனைப் பொதுமக்கள் நம்புவது? இவ்வினா ஐக்கிய அமெரிக்காவில் உளவளத்துணைத் தொழிலைப் பொறுத்து எழுந்தது. அதன் வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

உளவளத்துணை என்ற சொல் நமது நேயர்களுக்குப் புதியதன்று. துயருற்ற ஒருவர் தம் மனத்திலுள்ளதைச் சொல்கின்றார்; பயிற்சி பெற்ற மற்றொருவர் செவிமடுத்து, அவர் தம் வழியைத் தாமே தெளிந்துகொள்ளத் துணைநிற்கின்றார். இத்தொழிலில் ஊசியில்லை, மருந்துப் போத்தலில்லை, சத்திரசிகிச்சைக் கூடமில்லை. இரண்டு கதிரைகளும் ஓர் அறையுமே கருவிகள். ஆதலினாலேயே இதிலுள்ள ஆபத்தும் மறைவானது. பிழையாக இட்ட கட்டு கண்ணுக்குத் தெரியும். பிழையாகச் சொன்ன சொல் தெரியாது. வாயிற்கதவில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருப்பவர் கற்றவரா, கல்லாதவரா என்பதைத் துயரத்தில் இருப்பவர் எவ்வாறு சோதித்தறிவார்? இச்சோதனையை அவருக்காகச் செய்து வைப்பதே தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் நோக்கம்.

அமெரிக்காவில் இத்தொழில் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1908ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் பிராங் பார்சன்ஸ் என்பார் இளைஞர்களுக்குத் தொழில் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடக்கினார். அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அவர் இட்ட வித்து முளைத்து, 1913இல் தேசிய தொழில் வழிகாட்டற் சங்கமாயிற்று. கல்லூரி மாணவர் நலனைக் கவனித்தோர், வழிகாட்டுவோரைப் பயிற்றுவித்தோர் ஆகியோருக்கும் தனித்தனிச் சங்கங்கள் தோன்றின. 1952இல் இத்தகைய நான்கு சங்கங்கள் இணைந்து ஒரு பெருஞ் சங்கமாயின. அச்சங்கம் 1983இல் ஒரு முறையும் 1992இல் மற்றொரு முறையும் பெயர் மாற்றிக்கொண்டு, இன்று அமெரிக்க உளவளத்துணைச் சங்கம் என வழங்குகின்றது. நாற்பது ஆண்டுகளுள் இருமுறை பெயர் மாற நேர்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். தாம் யார் என்பதை உறுப்பினரே தேடிக்கொண்டிருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் கோளை விண்ணில் ஏவியது. அமெரிக்கர் திடுக்கிட்டனர். தம் பிள்ளைகளுள் விஞ்ஞானத்திற் சிறக்கக் கூடியோரை இளமையிலேயே கண்டறிய வேண்டும் என எண்ணி, 1958இல் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றினர். அச்சட்டத்தின் பணத்தினால் பாடசாலைகளில் வழிகாட்டுவோரின் தொகை பெருகிற்று. ஐந்து ஆண்டுகளின் பின், 1963இல், சனாதிபதி கென்னடி சமூக உளநல நிலையங்களுக்கான சட்டத்தில் ஒப்பமிட்டார். பெரிய மனநோய் மருத்துவமனைகளுக்குப் பதிலாக ஊர்தோறும் நிலையங்கள் என்பது அதன் கருத்து. அந்நிலையங்களிலும் உளவளத்துணையாளர் பணிக்கமர்ந்தனர்.

இங்கேதான் முதற் பிளவு தோன்றிற்று. பாடசாலையில் மாணவனுக்குப் பாடநெறி தேர்ந்து கொடுப்பவரும், நிலையத்தில் மனமுடைந்து வந்த இல்லத்தரசியின் எதிரில் அமர்பவரும் ஒரே பெயரைத் தாங்கினர். எனினும் அவர்தம் அன்றாடப் பணி வேறு, கவலைகள் வேறு. பெருஞ் சங்கமோ பாடசாலை, கல்லூரி ஆகியவற்றின் சாயலிலேயே அமைந்திருந்தது. எனவே, உளநல நிலையங்களிற் பணிபுரிந்தோர் 1976இல் தமக்கென அமெரிக்க உளநலத் துணையாளர் சங்கத்தை நிறுவினர். இரண்டு ஆண்டுகளின் பின், 1978இல், அது பெருஞ் சங்கத்தின் ஒரு பிரிவாகச் சேர்ந்துகொண்டது. தனிக்குடித்தனம் போன மகன் மீண்டும் பெரிய வீட்டின் ஓர் அறைக்கு வந்தது போன்ற ஏற்பாடு இது. அத்தகைய வீடுகளில் அடுப்பு ஒன்றாயினும் மனம் ஒன்றாவது அரிது. அண்மைய ஆண்டுகளில் உளநலத் துணையாளரும் பாடசாலைத் துணையாளரும் பெருஞ் சங்கத்திலிருந்து பிரிந்து தனித்தியங்கலாயினர்.

சட்டம் வந்த வழியை இனி நோக்குவோம். வேர்ஜீனியா மாநிலத்தில் வெல்டன் என்னும் துணையாளர் தனியாக ஓர் அலுவலகம் திறந்து, தொழில் வழிகாட்டல் நடத்திவந்தார். உளவியலாளர்களுக்கான பதிவுச் சபை அவர்மீது வழக்குத் தொடுத்தது. அனுமதிப்பத்திரம் இன்றி உளவியல் தொழில் செய்கின்றார் என்பதே குற்றச்சாட்டு. 1972இல் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு கூர்ந்து நோக்கற்பாலது. வழிகாட்டலும் உளவளத்துணையும் உளவியலின் வேறான ஒரு தொழில். அதற்கெனத் தனி ஒழுங்கு தேவை என்பதை அது ஏற்றுக்கொண்டது. அத்தீர்ப்பின் வழியே 1976இல் வேர்ஜீனியாச் சட்டசபை இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது அது.

ஏனைய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியே சென்றன. ஐம்பது மாநிலங்களுள் இறுதியாக வந்தது கலிபோர்னியா. அங்கே சட்டம் நிறைவேறியது 2009ஆம் ஆண்டில். வேர்ஜீனியாவுக்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் பிந்தி. செல்வத்திலும் சனத்தொகையிலும் முன்னிற்கும் ஒரு மாநிலம் ஏன் இவ்வளவு பிந்திற்று?

அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது என்பதே இதற்குரிய விடையின் பெரும்பகுதி. மணவாழ்விலும் குடும்பத்திலும் எழும் சிக்கல்களைத் தீர்க்கத் துணைநிற்போருக்குக் கலிபோர்னியா 1960களின் முற்பகுதியிலேயே அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கிவிட்டது. இன்று மண, குடும்பச் சிகிச்சையாளர் எனப்படும் அவர்களின் பெயரில், 1999ஆம் ஆண்டு வரை "துணையாளர்" என்ற சொல்லும் இருந்தது. அவர்களுக்கு வலிய சங்கம் உண்டு. தம் பெயரையொத்த பெயருடன் இன்னொரு கூட்டத்தார் வருவது அவர்களிற் பலருக்கு ஐயத்தை விளைத்தது. தம் பிழைப்புப் பறிபோகுமோ என்ற அச்சம் ஒருபுறம். குடும்பம் முழுவதையும் ஒருங்கே நோக்கிப் பழகாதவர் குடும்பத்துள் நுழைவரோ என்ற நியாயமான கவலை மறுபுறம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஒரே மனிதரின் நெஞ்சில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

சட்டத்தின் உள்ளேயே இப்பூசலின் தழும்பைக் காணலாம். கலிபோர்னியாவில் இப்புதிய அனுமதிப்பத்திரத்தைப் பெறுவோர் பட்டமேற்படிப்பின் பின் 3,000 மணித்தியாலம் மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரிதல் வேண்டும். அவ்வளவு செய்தபின்னும் அவர்கள் தம்பதியரையோ குடும்பத்தையோ ஏற்று நடத்துதல் ஆகாது. அதற்கு மேலதிகமான கற்கையும், தம்பதியர், குடும்பங்கள், பிள்ளைகள் ஆகியோருடன் 500 மணித்தியாலப் பயிற்சியும் வேண்டும் என்று சட்டம் விதித்தது. புதியவருக்கு வீடு கொடுக்கப்பட்டது. ஒரு கதவுக்கு மட்டும் தனித் திறப்பு வைக்கப்பட்டது.

நிற்க. சட்டம் நிறைவேறிய பின்னர், புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றோரின் சார்பில் பேசவேண்டிய சங்கம் எது என்ற வினா எழுந்தது. பழைய சிகிச்சையாளரையும் புதிய துணையாளரையும் பதிவு செய்தது ஒரே அரசாங்கச் சபை. ஆகவே, அச்சபையின் முன் சென்று விதிகளைப் பற்றி வாதிடும் உரிமை பெறுமதி மிக்கதாயிற்று. இத்தகைய நிலையில் மூவகை உரிமைகள் முன்வைக்கப்படுவதுண்டு. ஒவ்வொன்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும்.

உழைத்தவரின் உரிமை முதலாவது. "இச்சட்டத்துக்காகப் பல்லாண்டு படியேறி இறங்கியவர் நாங்கள். எதிர்த்து நின்றவர்கள் இன்று எங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வருவது முறையா?" என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியில் நியாயமுண்டு. வித்திட்டவன் அறுவடையின்போது வரம்பில் நிற்பது எவர்க்கும் உவப்பானதன்று. ஆயினும், நேற்றுப் பட்ட பாடு நாளைய திறமைக்குப் பிணையாகாது. போராட்டத்துக்கென அமைந்த சிறு குழுவிடம் அன்றாட நிருவாகத்துக்கு வேண்டிய அலுவலகமும் பணமும் இல்லாதிருத்தல் இயல்பு.

பெரியவரின் உரிமை இரண்டாவது. "எங்களிடம் பல்லாயிரம் அங்கத்தவர் உளர்; சட்டம் அறிந்த அலுவலர் உளர்; சட்டசபையில் எங்கள் முகம் அறிமுகமானது. இரு தொழிலும் உடன்பிறப்பே. எங்கள் யாப்பைத் திருத்தி உங்களையும் ஏற்றுக்கொள்கின்றோம், வாருங்கள்" என்று அவர்கள் அழைப்பர். இவ்வழைப்பைத் தந்திரம் என்று தள்ளிவிடுதல் கூடாது. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர் ஒருவருக்குச் சட்ட ஆலோசனையும் தொழிற் காப்புறுதியும் உடனே கிடைப்பது சிறிய நன்மையா? எனினும், அழைக்கப்படுவோர் ஒன்றைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். இரு சாராரின் நலன்கள் மோதும் நாளில் வாக்குரிமை எவ்வாறு பங்கிடப்படும்? சந்தா செலுத்தும் உரிமை மட்டும் கொடுத்து, நிருவாகக் குழுவில் இடமளியாத அங்கத்துவம் விருந்தினன் நிலையை ஒத்தது. விருந்தினன் வீட்டின் பெயரால் பேசவும் முடியாது. வீட்டார் விருந்தினன் பெயரால் பேசுவதும் பொருந்தாது.

நாடளாவிய சங்கத்தின் உரிமை மூன்றாவது. "தொழில் ஒன்று; ஆகவே குரலும் ஒன்று" என்பது அதன் வாதம். கேட்பதற்கு இனிது, நடைமுறையில் அரிது. இத்தொழிலின் பொருள் யாது என்பதை ஒருமுகமாக வரையறுக்கும் முயற்சியில் அங்கே 31 அமைப்புக்கள் பல ஆண்டுகள் ஈடுபட்டன. 2010இல் அவை கண்ட முடிவு ஆங்கிலத்தில் 21 சொற்களே கொண்ட ஒரு வாக்கியம். அவ்வொரு வாக்கியத்தையும் 31 அமைப்புக்களுள் 29 அமைப்புக்களே ஏற்றன. ஏற்காதவற்றுள் ஒன்று பாடசாலைத் துணையாளரின் சங்கம். ஆசிரியனாகிய எனக்கு இது வியப்பளிக்கவில்லை. பாடசாலையில் இருப்பவர் தம்மை முதலிற் கல்வியாளராகவே எண்ணுவர்.

இம்மூன்று உரிமைகளையும் எவ்வாறு நிறுப்பது? தலைகளை எண்ணுவது ஒரு வழி. நம் நாட்டிலேயே 1999ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம் ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேரையாவது அங்கத்தவராகக் கொண்ட தொழிற்சங்கத்துடன் பேரம்பேச முதலாளி மறுத்தல் ஆகாது என்பது அது. சம்பளம் பற்றிய பேச்சுக்கு இவ்வளவுகோல் பொருந்தும். அங்கே மேசையின் இரு பக்கங்களே உள்ளன. உளவளத்துணை போன்ற தொழிலிலோ மூன்றாவது பக்கம் ஒன்றுண்டு. அப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர் துயருற்று உதவி நாடி வந்தவர். அவருக்குச் சங்கமில்லை. தம் துயரத்தை வெளியே சொல்லக் கூசுகின்றவர் கொடி பிடித்து ஊர்வலம் போவாரா?

ஆகவே, இங்கு இரு வேறு வினாக்கள் பின்னிக் கிடப்பதை நாம் உணர்தல் வேண்டும். பொதுமக்களைக் காப்பது யார் என்பது ஒன்று. தொழில் செய்வோருக்காகப் பேசுவது யார் என்பது மற்றொன்று. அமெரிக்க மாநிலங்களில் முதல் வினாவுக்குச் சட்டமே விடை தந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் வழங்குவதும், முறைப்பாட்டை விசாரிப்பதும், தவறிழைத்தவரின் பத்திரத்தைப் பறிப்பதும் அரசாங்கச் சபையின் கடமை. சபை பொதுமக்களுடையது, சங்கம் அங்கத்தவருடையது. இவ்வெல்லை தெளிவாக உள்ள இடத்தில் சங்கங்கள் இரண்டாயினும் மூன்றாயினும் பெருங்கேடில்லை. எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும், எதிலும் சேராவிடினும், துணையாளர் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே.

பிரித்தானியாவின் நிலை வேறு. அங்கே உளவளத்துணையையும் உளச்சிகிச்சையையும் அரச பதிவின் கீழ்க் கொண்டுவர அரசாங்கம் 2007இல் எண்ணியது. தொழிலுக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. 2010இல் வந்த புதிய அரசாங்கம் 2011இல் அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, சங்கங்கள் தாமே பதிவேடு வைத்துக்கொள்ளலாம், அப்பதிவேடுகளை ஒரு மேற்சபை பரிசோதித்து ஒப்புதல் அளிக்கும் என்று முடிவு செய்தது. எனவே அங்கே அங்கத்தவரின் குரலாகிய சங்கமே பொதுமக்களின் காவலாகவும் நிற்கவேண்டியதாயிற்று. இம்முறை நடவாதென்று சொல்லமாட்டேன், நடந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆனால் அங்கே எந்தச் சங்கம் என்ற வினாவுக்குப் பாரம் அதிகம். வழக்கறிஞராகவும் நீதவானாகவும் ஒருவரே இருக்கும்போது, அவர் யார் என்பது எல்லாருக்கும் கவலை தருவதே.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். சங்கங்களின் பூசலால் இழப்பு யாருக்கு, ஒற்றுமையால் ஆக்கம் யாருக்கு என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அங்கே உண்டு. 65 வயது நிறைந்தோருக்கு மருத்துவச் செலவை ஏற்கும் மெடிக்கெயர் என்னும் திட்டத்தை அந்நாடு 1965இல் ஏற்படுத்திற்று. உளவியலாளரும் மருத்துவச் சமூகப் பணியாளரும் நேராகப் பணம் பெறும் உரிமையை 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்திட்டத்தில் அடைந்தனர். உளவளத்துணையாளரும் மண, குடும்பச் சிகிச்சையாளரும் வெளியே நின்றனர்.

அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, தம் 64ஆம் வயதில், வேறு காப்புறுதியின் துணையுடன் ஓர் உளவளத்துணையாளரிடம் சென்றுவருகின்றார். ஒருவாறு மனந்திறந்து பேசத் தொடங்கியுள்ளார். 65ஆம் பிறந்தநாள் வருகின்றது. அன்றிலிருந்து அவருக்குரிய திட்டம் மெடிக்கெயர். அதுவோ அத்துணையாளருக்குப் பணம் வழங்காது. முழுக் கட்டணத்தையும் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டும். அன்றேல் அறிமுகமற்ற ஒருவரிடம் தம் துயரத்தை முதலிலிருந்து சொல்லவேண்டும். அன்றேல் வாய்மூடி வீட்டில் இருக்கவேண்டும். இப்படி நேர்ந்தது ஓராண்டு ஈராண்டு அன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

இந்நிலையை மாற்றுவதற்கு உளவளத்துணையாளரின் சங்கங்களும், மண, குடும்பச் சிகிச்சையாளரின் சங்கங்களும் ஒரு கூட்டணியாக நின்றன. பெருஞ் சங்கமும் இருந்தது. அதனின்று பிரிந்த உளநலத் துணையாளர் சங்கமும் இருந்தது. கலிபோர்னியாவின் பழைய சிகிச்சையாளர் சங்கமும் இருந்தது. எவரும் தம் பெயரையோ யாப்பையோ விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கோரிக்கையை மட்டும் ஒன்றாகச் சுமந்தனர். 2022 திசெம்பர் இறுதியில் சனாதிபதி பைடன் ஒப்பமிட்ட சட்டத்தில் அக்கோரிக்கை இடம்பெற்றது. 2024 சனவரி முதலாந் திகதி தொடக்கம் இரு தொழிலாருக்கும் மெடிக்கெயரின் கதவு திறந்தது. உளவியலாளர் பெறுவதில் நூற்றுக்கு 75 வீதமே அவர்களுக்குரிய கட்டணம் என்பது மெய். அதைப் பற்றி அவர்கள் இன்னும் வாதிடலாம். ஆனால் அந்த மூதாட்டி தம் பழைய கதிரையில் தொடர்ந்து அமரலாம்.

நேயர்களே, இதிலிருந்து நான் பெற்ற கருத்து ஒன்றே. ஒரு தொழிலுக்கு எந்தச் சங்கம் என்பதற்கு ஆண்டின் மூப்போ, அங்கத்தவர் தொகையோ, பெயர்ப்பலகையின் நீளமோ முடிவான விடையாகாது. மேசையின் மூன்றாவது பக்கத்தில் இருப்பவருக்கு நன்மை தருவதை, அது தம் அங்கத்தவருக்குச் சற்று இடைஞ்சலாயினும், எந்தச் சங்கம் துணிந்து சொல்கின்றதோ, அதற்கே அத்தொழிலின் பெயரால் பேசும் தகுதி உண்டு. அத்தகுதி ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களுக்கு இருக்குமாயின் அது நற்பேறே. அவை பிறவற்றில் வேறுபட்டு, வேண்டிய வேளையில் ஒன்றாக நிற்கட்டும். அத்தகுதி எதற்கும் இல்லையாயின், ஒரே சங்கமாய் இருந்தும் பயன் யாது?

புதிதாக இத்தொழிலிற் புகும் இளைஞர்கள் எந்தச் சங்கத்திற் சேரலாம் என்று தம் மூத்தோரைக் கேட்பதுண்டு. சேருமுன் அச்சங்கத்தின் சென்ற ஆண்டு அறிக்கையை ஒருமுறை புரட்டிப் பார்க்கும்படி நான் சொல்வேன். அங்கத்தவரின் கட்டணம், பதவி, உரிமை என்பவற்றுக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, உதவி நாடி வருவோரைப் பற்றி எத்தனை பக்கங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கட்டும். ஆசிரியர் சங்கங்களின் அறிக்கைகளையும் இதே கண்கொண்டு நான் படிக்கலானேன் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றேன். மாணவன் என்ற சொல் எத்தனையாம் பக்கத்தில் முதலில் வருகின்றது என்று தேடுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது. சில வேளைகளில் நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கின்றது.